வெள்ளிக்கிழமைப் போணி

இதுவும் வேண்டாம் என்றேன். அம்சவேணி அந்த மாம்பழ மஞ்சளை மடிக்காமலே ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிரித்தாள். பச்சை, அரக்கு பார்டர். நல்ல பச்சை. எனக்கு எடுப்பாக இருக்கக்கூடிய பச்சை. ஆசை முகத்தில் தெரிந்துவிட்டதா என்று கண்ணாடியைப் பார்த்தேன். இந்தக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிதான், தூணுக்குக்கூடக் கண்ணாடி ஒட்டியிருக்கிறான். இல்லை, உம்மென்றுதான் இருக்கிறேன். எனக்குப் பின்னால், கண்ணாடிக்குள், அவன் நிற்கிறான். தெய்வசிகாமணி. பட்டு வேட்டி, நெற்றியில் காய்ந்துபோன சந்தனம், இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்கும் அப்பனைப் போல ஒரு பவ்யம். மனசுக்குள் அவன், வாயில் அண்ணா. இருபது வருஷமாக வாயிலும் மனசிலும் அண்ணாவாகத்தான் இருந்தான், மனசிலிருந்து இறங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. பைபாஸில் கட்டியிருக்கும் இந்தப் புது மாலில், இரண்டாவது மாடியில், அவனுடைய தெய்வா சில்க்ஸ் இன்றைக்குத் திறப்பு. விடிகாலையில் ஹோமம் முடிந்தது, விளக்கு ஏற்றியாகிவிட்டது, கேசரி கொடுத்தாகிவிட்டது. முதல் போணிதான் பாக்கி. அந்த முதல் போணி நான். அதுவரைக்கும் கடையில் ஒரு கர்ச்சீப்கூட விற்கக்கூடாது என்று உத்தரவு. அவனுடைய சொந்தபந்தமெல்லாம் கையில் கல்கண்டும் தாம்பூலப் பையுமாகச் சுவரோரம் வரிசையாக நிற்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாலுக்கு வந்த கூட்டம் எட்டி எட்டிப் பார்க்கிறது. பத்தரைக்கு ராகு காலம். பத்தரை வரைக்கும் நான் இந்த மெத்தையில் உட்காரப் போகிறேன். உள்ளே இருக்கிற புடவையெல்லாம் வெளியே வரட்டும். பத்தரை அடித்ததும் எழுந்து, முந்தானையை ஒரு உதறு உதறி, ஒண்ணும் மனசுக்குப் பிடிக்கலீங்ணா என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். இதற்குத்தான் தலைக்குக் குளித்து, மல்லிகை வைத்து, அவன் அனுப்பிய காரை வேண்டாமென்று திருப்பிவிட்டு, பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

அரக்கு பார்டர் எனக்கு ஆகாது அம்சா, வேற எடு. அவள் எடுத்தாள். குனிந்தே எடுக்கிறாள், நிமிர்ந்து என் கண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். என் கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றவள், எந்தக் கைக்கு எந்த அளவு வளையல் என்று பார்வையிலேயே சொல்லக்கூடியவள், அவளையும்தான் இழுத்துக்கொண்டு வந்தான். வரட்டும், அவளுக்கும் வயிறு இருக்கிறது, கால் ஒடிந்து படுத்திருக்கிற புருஷன் இருக்கிறான். அவள்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது. இல்லை, இல்லை. கோபத்தைப் பங்கு போட்டால் அவனுக்குக் குறைந்துவிடும். முழுசாக அவனுக்கே வைத்திருக்கிறேன். ஏசிக் காற்று கழுத்தில் குத்துகிறது. கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டேன், ஊதாக் கட்டம் போட்ட கர்ச்சீப், இதுவும் அவன் கடையில் வாங்கியதுதான். என் வீட்டில் இருக்கிற அத்தனை கர்ச்சீப்பும் அவன் கடையில் வாங்கியதுதான். காந்திபுரத்தில், ரங்கசாமி காம்ப்ளக்ஸின் முதல் மாடியில், அவன் ஜவுளிக் கடை இந்தப் பக்கம், என்னுடைய கனகா ஃபேன்சி அந்தப் பக்கம், நடுவில் ஒரு நடை. கடை வைத்த புதிதில் ஒரு நாள் காலையில் அவசரத்துக்கு அவனிடம் ஒரு கர்ச்சீப் வாங்கினேன். அன்றைக்கென்று ஒரு கல்யாண கோஷ்டி வந்து அவன் அலமாரியையே காலி செய்துவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து பிடித்துக்கொண்டான். உன்ற கைதான் அம்மிணி, உன்ற கையாலதான் எனக்கு ஓடுது. தினமும் ஷட்டரைத் தூக்கியதும் நடையைத் தாண்டிக் குரல் வரும், அம்மிணீ, ஒரு போணி பண்ணிட்டுப் போ. நான் போவேன். கடையிலேயே விலை குறைந்த சாமான் கர்ச்சீப்தான், அதை வாங்குவேன். அவன் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்தைத் தொட்டுவிட்டுப் பெட்டியில் போடுவான். அதைப் பார்க்க எனக்குப் பெருமை. என்ன பெருமை, அசட்டுப் பெருமை. எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார், ஊருக்கே சளி பிடிச்சாலும் நம்ம வூட்ல கர்ச்சீப் மிஞ்சும் என்று. மருந்து மாத்திரைக்கு ஒரு டிராயர், கர்ச்சீப்புக்கு மூன்று டிராயர். ஒரு தடவையாவது, அம்மிணி, இன்னைக்கு நான் உன்ற கடையில போணி பண்றேன் என்று ஒரு சீப்பு வாங்கியிருக்கிறானா? யோசித்துப் பார்க்கிறேன். ஒரு ஹேர்பின்? இல்லை. என் கை அவனுக்கு ராசி. எனக்கு யார் கை ராசி என்று அவன் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை.

இது காஞ்சிபுரம் நெசவுங்க்கா, தொட்டுப் பாருங்க என்கிறாள் அம்சவேணி. தொட்டேன். உள்ளங்கை நடுவில் அந்த வடு, ஒரு கொத்தமல்லி விதை அளவு, ஜரிகையில் பட்டால் இப்போதும் சுருக்கென்கிறது. தோல் தடித்துப்போன இடம் எப்படிச் சுருக்கென்னும், சுருக்கென்பது உள்ளே. இந்த மால் பாதி எழும்பி நின்ற சமயம். எங்கள் காம்ப்ளக்ஸை விட்டு நகை ஸ்கீம்காரன் முதலில் போனான், பிறகு குழந்தைகள் துணி, பிறகு செல்போன் கடை. மீதி இருந்தவர்களையெல்லாம் சங்கத் தலைவர் என்ற முறையில் சிகாமணி மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பிள்ளையார் முன்னால் கூட்டினான். நாம ஒத்துமையா நின்னா ஒரு மாலும் ஒண்ணும் பண்ண முடியாது, பத்து வருசத்துக்கு ஒருத்தரும் இந்த எடத்த வுட்டுப் போகக்கூடாது, பிள்ளையார் முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணணும். பேசும்போது தொண்டை கரகரத்தது அவனுக்கு. எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒவ்வொருவராகக் கற்பூரத்தின்மேல் கையை வைத்து அணைத்தார்கள். நான் அழுத்தி வைத்தேன், தேவைக்கு மேலேயே வைத்தேன், சத்தியம் என்றால் சுட வேண்டாமா? தோல் பொசுங்கிற்று. அவன் முறை வந்தபோது கையை மேலே ஒரு வீசு வீசினான், காற்றிலேயே அணைந்தது. உள்ளங்கை படவே இல்லை. நான் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் பெரிய மனுஷர், சர்க்கரைக்காரர், புண் ஆறாது, அதனால்தான் என்று நானே அவனுக்காக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமே இந்த மாலிலிருந்து ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்தான். மேடம், எஸ்கலேட்டர் ஏறினதும் எதிரிலேயே உங்களுக்கு ஒரு இடம் தர்றோம், உங்க மாதிரி அனுபவப்பட்டவங்க வேணும் என்றான். எஸ்கலேட்டர் எதிரில்! மேலே ஏறுகிற அத்தனை பெண்களும் என் வளையலைப் பார்த்துக்கொண்டுதான் ஏறியிருப்பார்கள். நான் என்ன செய்தேன், உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன். சத்தியம் பண்ணிருக்கறனுங்க, காயம் இன்னும் ஆறல என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அப்போது புரியவில்லை. அவனுடைய பைக்குள் அன்றைக்கே தெய்வா சில்க்ஸ் அக்ரிமென்ட் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது, அதுவும் சத்தியம் செய்வதற்கு முந்தைய மாதத் தேதியில். நாங்கள் எல்லோரும் அங்கேயே நின்றால்தான் இங்கே போட்டிக்கு ஆள் வராது. இன்றைக்கு அந்த எஸ்கலேட்டர் எதிரில் யாரோ ஒரு பையன் ஹெட்போன் விற்கிறான். ஏறி வரும்போது பார்த்தேன். பார்க்காமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

ஜரிகை அதிகமா இருக்குது, பாரம், வேண்டாம். அடுத்தது. பின்னால் அவன் இருமுகிறான். இருமட்டும். சுவரோரம் நின்ற ஒரு அம்மாள் கால் மாற்றி நிற்கிறாள். அவன் பெண்டாட்டி யாரிடமோ மணி கேட்கிறாள். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. இவர்களுக்கு ஒரு அரைமணி காத்திருப்பது இவ்வளவு கஷ்டமா? அவன் போன பிறகு அந்த நடையில் நான் காத்திருந்தேனே. ஞாயிற்றுக்கிழமை காம்ப்ளக்ஸுக்கு லீவு. அன்றைக்கு லாரி வைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். திங்கட்கிழமை காலையில் கர்ச்சீப்புக்கான காசைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, என் ஷட்டரைத் திறந்து, ஊதுபத்தி ஏற்றி, அவன் கூப்பிடுவான் என்று உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. காய்ச்சலோ என்னவோ என்றுதான் நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் ஷட்டருக்கு மேலே போர்டு இல்லை, போர்டு இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாக இருந்தது. காசு கையிலேயே வேர்த்துப்போயிற்று. போகிறேன் அம்மிணி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக என்றைக்கும் இருந்ததில்லை. வெட்கம்தான் அது, துக்கமில்லை. பிறகு ஜூஸ் கடை போனது, பாத்திரக் கடை போனது, செருப்புக் கடைக்காரர் என்னிடம் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவர் மனுஷர். புடவை எடுக்க வந்தவர்கள்தான் நடையைத் தாண்டி வந்து மேட்சிங் வளையல் எடுப்பார்கள். புடவை இல்லாத இடத்துக்கு யார் வளையல் தேடி வருவார்கள்? லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். நடையில் பாதி லைட்டைப் பிடுங்கிவிட்டார்கள். பகலிலேயே பாத்ரூம் பக்கம் போகப் பயமாக இருக்கிறது. ஆனாலும் நான் தினமும் திறக்கிறேன். ஏன் திறக்கிற என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். அது இன்னும் சாகல, திறக்கறேன் என்றேன். கூட்டம் வரும், தீபாவளிக்கு வரும், தீபாவளி போனால் பொங்கலுக்கு வரும். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் இவன் ஃபோன். ஒன்றுமே நடக்காதது மாதிரி அதே குரல். அம்மிணி, வெள்ளிக்கெழம கடை திறக்கறேன், உன்ற கையால மொதப் போணி பண்ணிக் குடுக்கோணும், நீ வர்லீன்னா நான் திறக்கவே மாட்டேன். ஃபோனை வைத்த பிறகு ஒரு தட்டு வளையலைக் கலைத்துத் திரும்ப அடுக்கினேன். கோபத்தில் என்று நினைத்தேன். பாதி சந்தோஷம். எட்டு மாதமாக அவனுக்கு நான் தேவைப்படவில்லை என்று நினைத்துப் புழுங்கினேன். தேவைப்படுகிறேன். அவனுடைய கழுத்தை அவனே என் கையில் கொண்டுவந்து வைக்கிறான்.

அக்கா, என்றாள் அம்சவேணி. ஒரு நீலப் புடவையை என் தோளில் வைத்து அழகு பார்க்கிற சாக்கில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஏதாச்சும் ஒண்ண எடுத்துக்குங்க்கா. ஒரு ஜாக்கெட் பிட்டாவது எடுங்க. ஏண்டி, உன்ற மொதலாளிக்கு இவ்வளவு வக்காலத்தா என்று நானும் உதட்டை அசைக்காமல் கேட்டேன். அவருக்கு இல்லீங்க்கா, எனக்கு. மொதப் போணி என்ற கையில தவறிப்போச்சுன்னா ராசியில்லாதவன்னு என்னையத்தான் சொல்லுவாங்க. சம்பத்த என்ன பண்ணுனாருன்னு நீங்களும் பாத்தீங்கதானே. சிரித்துக்கொண்டே சொன்னாள், கண்ணாடியில் பார்க்கிறவர்களுக்கு அவள் புடவையைப் புகழ்கிற மாதிரி இருக்கும். கண் மட்டும் என்னைப் பார்த்தது, வந்ததிலிருந்து முதல் தடவையாக. புருஷனுக்குக் கால்ல இன்னொரு ஆபரேசன் இருக்குதுங்க்கா என்றாள். நீலப் புடவை தோளிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது.

சம்பத்தைப் பார்த்தேன்தான். பழைய கடையில் ஒரு தை மாசம், சம்பத் துணி காட்டிய முதல் கிராக்கி தொடர்ந்து இரண்டு நாள் வாங்காமல் போயிற்று. அவ்வளவுதான். நீ கவுண்டர்ல நிக்காதே, போய் மூட்டை கட்டு என்றான் சிகாமணி. மூட்டை கட்டுகிற இடத்தில் மற்றவர்கள் அவன் நிழல் படாமல் நடந்தார்கள். சித்திரைக்குள் அவனே போய்விட்டான். அப்போது நான் என்ன சொன்னேன்? அண்ணனுக்கு எதுலயும் கணக்கு சரியா இருக்கோணும் என்று பெருமையாகத்தான் சொன்னேன். இப்போது இவள். நான் எழுந்து போனால் அவனுக்கு ஒரு நாள் முகம் சுருங்கும், இரண்டு நாள் தூக்கம் போகும், பிறகு ஒரு ஜோசியன் வருவான், பரிகாரம் என்று எதையாவது செய்துவிட்டு நிமிர்ந்துவிடுவான். தோஷம் இவள் தலையில் நிற்கும். என் பழி இவள் தலையில் போய் இறங்கும். ஒரு நிமிஷம். கடையில் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள், ஒரே மாதிரி மெரூன் சேலை கட்டிக்கொண்டு, எல்லாம் இளசுகள். அத்தனை பேரை விட்டுவிட்டுப் பட்டுச் சேலை காட்டியே பழக்கமில்லாத அம்சவேணியை எதற்கு முதல் கவுண்டரில் உட்கார்த்தினான்? வளையல் விற்றவளை? கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பவ்யம், கோத்த கை, உதட்டோரம் ஒரு சின்ன நிம்மதி. தெரிந்தே செய்திருக்கிறான். நான் கோபத்தோடு வருவேன் என்று தெரியும், அம்சாவை வைத்தால் கையை உதற மாட்டேன் என்றும் தெரியும். இருபது வருஷம் நடைக்கு எதிரே உட்கார்ந்து என்னைப் படித்து வைத்திருக்கிறான், ராஸ்கல். எழுந்தாலும் தோற்றேன், எடுத்தாலும் தோற்றேன். எடுத்தால் என்ன ஆகும், என் கை ராசி இங்கேயும் வேலை செய்யும், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிற கூட்டம் முழுக்க உள்ளே பாயும். நம்முடைய பழைய கிராக்கிகள்கூட அங்கே இரண்டு பேர் நிற்கிறார்கள், அந்த போஸ்ட் ஆபீஸ் அம்மாளும் அவள் மருமகளும், என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். ஒருவேளை என் கையில் ராசியே இல்லையோ? இருந்தால் என் கடை ஏன் இப்படிக் கிடக்கிறது? நான் எழுந்து போய், ராகு காலமும் வந்து, ஒன்றுமே ஆகாமல் சாயங்காலம் இங்கே திருவிழாக் கூட்டம் நின்றால்? அந்தப் பயம்தான் இவ்வளவு நேரமும் அடியில் கிடந்திருக்கிறது. காலையில் பஸ்ஸில் வரும்போதே லேசாகத் தலை காட்டியது. அமுக்கி வைத்திருந்தேன்.

ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். அவன் என் பக்கத்தில் வந்து குனிந்தான். அம்மிணி, எதுன்னாலும் ஒண்ணக் கையில எடுத்துக்க கண்ணு, உனக்குத் தெரியாததா, கர்ச்சீப்புன்னாலும் சரி. கர்ச்சீப்! சென்ட் வாடைக்கு அடியில் அவனுடைய பழைய விபூதி வாடை. அந்த வாடையில் என்னுடைய அப்பா செத்த நாள் ஞாபகம் வந்தது, ஏன் வருகிறது இப்போது, அன்றைக்கும் இப்படித்தான் அவன் குனிந்து பேசினான். சேதி வந்ததும் கடையிலிருந்தபடியே கிளம்பினேன். மகள் வீட்டுக் கோடி போட வேண்டும், பிணத்துக்குப் போர்த்துகிற புதுத் துணி, வெறுங்கையோடு போகக்கூடாது. நடையைத் தாண்டி அவனிடம்தான் போனேன். கடைசித் தட்டிலிருந்து வெள்ளை வேட்டியை அவனே எடுத்தான், ஆளை விட்டு எடுக்கவில்லை. விலை பேசவில்லை. கடைப் பையில் போடவில்லை, கடை பேர் போட்ட பையில் கோடி போகக்கூடாது, பேப்பரில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். வாங்க என்று சொல்லவில்லை, நானும் வர்றேன் என்று சொல்லவில்லை. சாவுக்கு வாங்குகிற துணிக்கு அந்த வார்த்தை கிடையாது. பிறகு ஒரு நாள் அவனே சொன்னான். கோடி கேட்டு வந்தவங்கள மட்டும் இல்லைன்னு திருப்பக்கூடாது அம்மிணி, திருப்புனா அந்தச் சாவு நம்ம வாசல்லயே நின்னுக்கும், எங்கப்பாரு காலத்துல இருந்து நாங்க திருப்புனதே இல்ல. ஆனா ஒண்ணு, கோடி மட்டும் மொதப் போணியா ஆயிரக்கூடாதுன்னு தெனமும் சாமிய வேண்டிக்குவேன். சொல்லிவிட்டுச் சிரித்தான். அதுக்காகத்தான் உன்னையக் கூப்புடறேன், நீ முந்திக்கிட்டாப் போதும். ஓ. அதற்காகத்தான். கழுத்திலிருந்த கர்ச்சீப்பை அவிழ்த்தேன். கையெல்லாம் குளிர்ந்துபோயிற்று, ஏசியாகவும் இருக்கலாம்.

அண்ணா, என்றேன். சத்தமாகவே சொன்னேன், சுவரோரம் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும். சொல்லு அம்மிணி என்று முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தான். சேலை வேண்டாமுங்ணா. வெள்ளை வேட்டி ஒண்ணு குடுங்க. கோடி போடறதுக்கு. ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. பல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக உதடு மூடிற்று. முகத்தில் ஈயாடவில்லை. யாரோ தாம்பூலப் பையைக் கீழே போட்டார்கள். அவன் பெண்டாட்டி, அய்யோ என்றாள், அவ்வளவுதான். யாருக்கு அம்மிணி, வூட்ல எல்லாரும்... என்று இழுத்தான். நல்லா இருக்கறாங்க. நம்ம ரங்கசாமி காம்ப்ளக்ஸுக்குங்ணா, என்றேன். செத்துப்போச்சு. உங்களுக்குச் சேதி சொல்லோணும்னு இருந்தேன், நீங்களே கூப்பிட்டீங்க. நீங்க திருப்ப மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அவன் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். இல்லையென்று சொன்னால் முதல் கிராக்கியைத் திருப்பினவன், கோடி கேட்டவளைத் திருப்பினவன். கொடுத்தால், கடை திறந்து முதன்முதலாக விற்றது கோடி. எட்டு மாதமாகப் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேனோ அந்த இடத்தில் அவனை உட்கார வைத்துவிட்டேன். பேசு, பேசு, ஒத்துமையா நிக்கோணும்னு தொண்டை கரகரக்கப் பேசினாயே. அம்சவேணிதான் எழுந்து போனாள். அடித்தட்டிலிருந்து வேட்டியை எடுத்து வந்தாள். பையில் போடவில்லை, அவளுக்கும் தெரியும். சாமி படத்துக்குப் பூச்சுற்றி வந்த பேப்பரை உதறி அதில் சுற்றினாள். பில் போட்டது அவள் பெயரில். போணி தவறவில்லை, அவள்மேல் ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாது, அவளுடைய கிராக்கி வாங்கிவிட்டாள். பணத்தைக் கல்லாவில் கொடுக்கவில்லை, அவன் கையை நீட்டச் சொன்னேன். என் உள்ளங்கையை அவன் உள்ளங்கைமேல் வைத்து அழுத்தினேன், அந்த வடு படும்படி அழுத்தினேன், கற்பூரத்தை அழுத்தின மாதிரி. கண்ல ஒத்திக்குங்ணா, என்றேன். பெரிய கை, மெத்தென்ற கை, ஒரு காயமும் இல்லாத கை. கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் பணத்தோடு நின்றான். எழுந்து முந்தானையை உதறினேன். போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. அவனும் வா அம்மிணி என்று சொல்லவில்லை.

எஸ்கலேட்டரில் இறங்கும்போது சிரித்தேன் என்று நினைக்கிறேன், ஹெட்போன் பையன் திரும்பிப் பார்த்தான். இன்றைக்கு ராத்திரி அவனுக்குத் தூக்கம் வராது. நாளைக்கும் வராது. இந்தக் கடையில் எப்போதெல்லாம் ஒரு நாள் வியாபாரம் மந்தமாகிறதோ அப்போதெல்லாம் அந்த வெள்ளை வேட்டி ஞாபகம் வரும், ஜோசியனிடம்கூட வெளியே சொல்ல வெட்கப்படுவான். வேண்டும், நன்றாக வேண்டும். வெளியே வெயில் மூஞ்சியில் அடித்தது. பைபாஸில் பஸ்ஸுக்கு நின்றேன், பஸ் வந்தது, ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேப்பர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டேன். மல்லிகை ஈரம் பேப்பரில் இன்னும் இருந்தது, மடியில் சில்லென்று பட்டது. காந்திபுரம் ஒண்ணு என்று டிக்கெட் வாங்கினேன். கடையைத் திறக்க வேண்டும், இன்றைக்கு இன்னும் திறக்கவில்லை. திறந்து? அப்போதுதான் பொட்டலத்தைக் குனிந்து பார்த்தேன். செத்துப்போச்சு என்று நான்தான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால், சத்தமாக, என் வாயால். எங்கள் வீட்டுக்காரர் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை, செருப்புக் கடைக்காரர் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை, லைட்டைப் பிடுங்கினபோதும் இல்லை. அவனை அறைய ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அதற்காகச் சொல்லிவிட்டேன், இப்போது அதைத் திருப்பி எடுக்க முடியாது. கோடி வாங்கியாகிவிட்டது. வாங்கினவள்தான் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பேப்பர் பிரிந்த இடத்தில் தெரிந்த வெள்ளையைப் பார்த்தாள். என் தலையில் இருந்த பூவைப் பார்த்தாள், பட்டுச் சேலையைப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். சாவுக்குங்களா அம்மிணி என்று கேட்டாள். ஆமாங்க என்றேன். நெருங்குன சொந்தமுங்களா? ஆமாங்க. தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன். கண்ணைத் துடைக்கத் தேடினேன், கையில் அந்த ஊதாக் கட்டம் போட்ட கர்ச்சீப்தான் இருந்தது, அதிலேயே துடைத்துக்கொண்டேன். எடுத்துட்டாங்களா என்று கேட்டாள் அந்த அம்மாள். இன்னும் இல்லீங்க, என்றேன். நான் போய்த்தான் எடுக்கோணும்.